அப்பாவின் நுரையீரலில் இருந்த ஊக்கு

ஒரு வீட்டில் ஒரே ஒருவர் மட்டும் படித்திருந்தால் அந்த ஆளுக்கு ஒரு வியாதி வரும். யார் எதைக் கேட்டாலும் பதில் தெரிந்ததுபோல் பேசும் வியாதி. எனக்கு அது பதினேழு வயதில் தொடங்கியது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததே என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அதனால் அரசாங்கக் கடிதம், ரைஸ் குக்கர் கோளாறு, பக்கத்து வீட்டு மாமாவின் முழங்கால் வலி எல்லாம் என்னிடமே வந்தன. அவர்கள் கேட்டதில் தவறில்லை. எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னதுதான் தவறு. (அந்த ரைஸ் குக்கர் அதன் பிறகு வேலை செய்யவே இல்லை.)

மலேசியாவில், பாடாங் மேஹா பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று எங்களுடையது. கொரோனா காலத்தில் நான் மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. வகுப்பெல்லாம் கைப்பேசியில் நடந்ததால் வீட்டில்தான் இருந்தேன். அப்போதுதான் எங்கள் மூவருக்கும் ஒரே வாரத்தில் நோய் வந்தது.

அதே வீடு, அதே சோறு, அதே கிருமி. வந்தது மட்டும் மூன்று விதமாக. அம்மாவுக்குத் தொண்டைக் கரகரப்பு, இரண்டு நாளில் போய்விட்டது. எனக்கு மூன்று நாள் காய்ச்சல். ரசத்துக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவுக்கோ மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிப் போனது. ஆறு நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார்.

நான் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். அப்பா: ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருட சிகரெட், ஆக்சிஜன். நான்: இருபத்திரண்டு வயது, மாடிப்படி ஏறிப் பழகிய கால்கள், புத்தகம் படித்த மூளை. (மூளைக்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். அன்று எனக்குச் சம்பந்தம் இருந்தது.) முடிவு தெளிவாக இருந்தது. அப்பாவின் நுரையீரல் முடிந்தது. என்னுடையது பத்திரம்.

எனக்குக் காய்ச்சல் அடித்தபோது அம்மா கோயில் பூசாரியிடம் சொல்லி ஒரு தாயத்து வாங்கி வைத்திருந்தார். சின்னச் செப்புக் குழாய். அதை ஓர் ஊக்கில் கோத்து, என் உள்சட்டைப் பட்டையில் குத்த வந்தார்.

"அம்மா, இது வைரஸ்மா. தாயத்துக்கு வைரஸ்னா என்னான்னு தெரியாது."

"அதுக்கு என்னா தெரியும் தெரியாதுன்னு உனக்குத் தெரியுமா? பேசாம நில்லுடி."

நின்றேன். துணி துவைத்துக் காயும்போதெல்லாம் அம்மாவே அதைக் கழற்றி அடுத்த உள்சட்டைக்கு மாற்றிக் குத்திவிடுவார். ஒரு மாதத்தில் அது உடம்பில் இருப்பதே எனக்கு மறந்துபோனது.

வீட்டுக்கு வந்த அப்பாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது: திரும்பவும் குலை வெட்டப் போக வேண்டும். நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, மூன்று ஆள் உயரத்தில் இருக்கும் குலையை அண்ணாந்து பார்த்து இழுக்கும் வேலை அது. அந்தக் கம்பைப் பிடித்து நிற்கும்போதுதான் அவர் மனிதராக இருப்பார். உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போகச் சொன்னால், "அதுக்கு நான் வீட்லயே செத்துப்போறேன்" என்பார். நான் விடவில்லை. கம்பை எடுத்து அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். (பன்னிரண்டு அடிக் கம்பு. அலமாரி ஐந்தடி.)

கடைசியில் இருவரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். கூலிமில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுவது. அங்கிருந்த டாக்டரம்மா, "உங்களுக்கும் வந்துச்சுல்ல? நீங்களும் ஒன்னு எடுத்துருங்க" என்றார். துணைக்கு வந்தவளுக்கு எதற்கு என்று நினைத்தாலும் எடுத்துக்கொண்டேன். எக்ஸ்ரே அறையில் இருந்தவர் அவசரமாக, சங்கிலி ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். "தாடா", இல்லை என்றேன். கழுத்தில் சங்கிலி இல்லைதானே. அன்று கூட்டம் அதிகம். இரண்டு படங்களையும் ஒரே பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்து, திங்கட்கிழமை கொண்டுவந்தால் டாக்டரம்மா பார்த்துச் சொல்வார் என்று அனுப்பிவிட்டார்கள்.

திங்கட்கிழமை வரை காத்திருக்க நான் என்ன, படிக்காதவளா? வீட்டுக்கு வந்ததும் இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்று சுத்தமாகக் கறுத்திருந்தது. இன்னொன்றில் இரண்டு பக்கமும் கீழே பஞ்சை உதறிவிட்டதுபோல் வெள்ளைத் திட்டுகள். எது யாருடையது என்று ஓரத்தில் எழுதியிருந்த பெயரை நான் பார்க்கவில்லை. விடை தெரிந்த கேள்வியை யாராவது இரண்டாம் முறை படிப்பார்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் தோட்டத்து ஆட்களின் கூட்டம். திங்கட்கிழமை முதல் யார் யார் குலை வெட்டப் போவது என்று மண்டோர் மாமா பெயர் எழுதும் நாள். (மண்டோர் என்றால் வேலையைப் பிரித்துக் கொடுப்பவர்.) அவரிடம் போய், கொரோனா வந்து போன நுரையீரலைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டேன்.

"பேசு பாப்பா. நம்ம தோட்டத்துப் புள்ள பேசாம யாரு பேசுவா?" என்றார்.

என்ன பேசப்போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. அவரோ மகள் பேசப்போகிறாள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டு, தேய்த்த சட்டை போட்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

நான் தொடங்கினேன். நுரையீரலுக்குள் திராட்சைக் கொத்துபோலச் சின்னச் சின்னக் காற்றறைகள் இருக்கின்றன என்றேன். நிறுத்தினேன். கிருமி போன பிறகும் அங்கே வீக்கம் இருக்கலாம் என்றேன். நிறுத்தினேன். இடையிடையே எனக்கே மூச்சு வாங்கியது. முகக்கவசம் இறுக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அந்த ஒரு மாதமாகவே துணி அலசினால் படியில் உட்காருவேன், கேட்டால் ஆன்லைன் வகுப்புக் களைப்பு என்பேன். பக்கத்து வீட்டு சரஸ் அக்கா மட்டும் என் பேச்சை ரசித்தார். "நல்லா நிறுத்தி நிறுத்திப் பேசுது புள்ள. டிவியில வர்ற மாதிரி இருக்கு லா."

அந்தப் பாராட்டில் துணிச்சல் வந்து, உறையிலிருந்து வெள்ளைத் திட்டுப் படத்தை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராக உயர்த்தினேன்.

"இது எங்க அப்பாவோட நுரையீரல்."

அப்பா முதலில் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இந்த வெள்ளை வெள்ளையா இருக்கே, இது எல்லாம் அடிபட்ட இடம். இந்த நுரையீரல வச்சிக்கிட்டுக் கம்பு தூக்கக் கூடாது. மண்டோர் மாமா, தயவு செஞ்சு அவரு பேர எழுதாதீங்க."

மண்டோர் மாமா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அப்பா தலையைக் குனிந்து, தேய்த்த சட்டையின் கடைசிப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். இன்றும் அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தப் பொத்தான்தான்.

அதோடு நான் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் படத்தின் மேல் பகுதியில் பளிச்சென்று இன்னொரு வெள்ளை இருந்தது. ஒரு சிறு கட்டை, அதன் மேல் மெல்லிய வளைவு. அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அன்று எனக்குக் கிடையாது.

"இதப் பாருங்க. முப்பது வருஷ சிகரெட். உள்ள காயம் ஆறி, சுண்ணாம்பா உறைஞ்சு போயிருக்கு."

"சுண்ணாம்பு வளைஞ்சு நிக்குமா?" என்றார் சரஸ் அக்கா.

பின்வரிசையிலிருந்து அம்மா எழுந்து வந்தார். படத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏண்டி, இது ஊக்குல்ல?"

"அம்மா, ஊக்கு இல்லம்மா. அது கால்சியம்."

"என்னா எழவோ. தலை இங்க இருக்கு, ஊசி இங்க இருக்கு, கீழ தொங்குறது தாயத்து. நான் குத்துனது எனக்குத் தெரியாதா?"

"அண்ணனுக்கு எப்பக்கா தாயத்து குத்துனீங்க?" சரஸ் அக்காவுக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

"அவருக்கு எங்க குத்துனேன்? அவரு ஆஸ்பத்திரியில இல்ல இருந்தாரு. இவளுக்குத்தான்."

மண்டோர் மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தின் ஓரத்தைப் படித்தார். "ஓரத்துல பேரே போட்டிருக்கே பாப்பா. உன் பேருதான்."

மண்டபம் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறாக்கள் இடம் மாறின. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் மார்பில் முப்பது வருட சிகரெட். தாயத்துக்கு ஒன்றும் தெரியாது என்று அம்மாவிடம் வாதாடியவளின் உள்சட்டையில் தாயத்து. வேறு வழி இல்லாமல் நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்கவில்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த மண்டபத்தில் சரியான கணக்கை முதலில் போட்டவர் அவர்தான்.

"ஊக்கு உன்னோடதுன்னா," என்றார், "அந்த வெள்ளையும் உன்னோடதுதானே?"

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக அடங்கியது. அப்பா எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கி வந்து எனக்குப் பின்னால் போட்டார். "உக்காருமா." நான் உட்கார்ந்ததும் உறையிலிருந்து மற்றப் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். தன் பெயர் எழுதிய, சுத்தமான படம். ஊருக்கே அதைக் காட்டியிருக்கலாம். ஒரு நொடி பார்த்துவிட்டு உறைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் நான் ஓர் ஏமாற்றப்பட்ட வாடிக்கையாளரைப்போல் பேசினேன். எனக்கு எப்படி வரலாம்? எனக்குச் சின்ன வயது. நல்ல எதிர்ப்புச் சக்தி.

"எதிர்ப்புச் சக்தி நிறைய இருந்தா மட்டும் போதாதுமா. எப்ப நிறுத்தணும்னும் அதுக்குத் தெரியணும்" என்றார். "பொம்பா வண்டி வந்து தீய அணைக்குது. சில ஊர்ல தீ அணைஞ்சதும் கெளம்பிப் போயிரும். சில ஊர்ல தீ போன பிறகும் தண்ணி அடிச்சிக்கிட்டே நிப்பாங்க. வீடு ஈரமாயிரும்ல? உங்க அப்பாவுக்குப் பெரிய தீ, ஆனா ஆளுங்க வேலைய முடிச்சிட்டுப் போயிட்டாங்க. உங்களுக்குச் சின்னத் தீதான். ஆளுங்க இன்னும் போகல."

"ஏன் போகல?"

"தெரியாது. வயசு, சிகரெட், சக்கர வியாதி, இதெல்லாம் நூறு பேர்ல யாருக்கு அதிகம் வரும்னு சொல்லும். உங்க ஒருத்தருக்கு என்னா ஆகும்னு முன்கூட்டியே சொல்லாது."

தெரியாது என்ற சொல்லை ஒரு டாக்டர் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வகுப்பில் எத்தனையோ வரைபடங்கள் பார்த்திருக்கிறேன். நடுவில் ஓடும் கோட்டை மட்டும் மனப்பாடம் செய்தேன். கோட்டுக்கு மேலும் கீழும் சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றும் ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஓர் அம்மா இருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா அந்த வாரமே குலை வெட்டப் போனார். எனக்கு மருந்தும் ஓய்வும் நடையும். அந்த நடைக்கு என்னைக் கூட்டிப்போனவர், என்னால் வேலை இழக்கவிருந்த அதே மனிதர். வேலை முடிந்து வந்து, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு செம்மண் பாதையில் என்னோடு நடப்பார். முதல் நாள் பதினோரு மரத்தில் நின்றுவிட்டேன். "பதினொன்னு," என்றார். "நாளைக்குப் பன்னெண்டு பாப்போம்." மண்டபத்தில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐம்பதாவது மரத்தைத் தாண்டிய அன்று நானே மன்னிப்புக் கேட்டேன். அவர் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "சிகரெட்ட நிறுத்தலாம்னு இருக்கேன்," என்றார். "உனக்கு ரொம்பக் கெடுதலா இருக்காம்ல."

நான்கு மாதம் கழித்து எடுத்த படம் சுத்தமாக இருந்தது. இந்த முறை ஊக்கைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன்.

இன்று சுங்கை பட்டாணியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். எந்த இரத்தக் குழாயைக் கையில் எடுத்தாலும் முதலில் பெயரைப் படிப்பேன். பிறகு இன்னொரு முறை படிப்பேன். கூட வேலை செய்கிறவர்கள் நல்ல பயிற்சி என்று நினைக்கிறார்கள். வீட்டிலோ நான் எதையாவது அடித்துச் சொன்னால் போதும், அப்பா கேட்பார்: "ஊக்கப் பாத்தியா?"

அம்மா இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். என் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில், சுவரில், என் இரண்டு எக்ஸ்ரேக்களும் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. வருகிறவர்களிடமெல்லாம், தாயத்து வேலை செய்ததற்குப் படத்திலேயே ஆதாரம் இருக்கிறது என்கிறார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னேன்.

"அம்மா, நல்லாப் பாருங்க. தாயத்து இருக்கிற படத்துலதான் நோய் இருக்கு. தாயத்து இல்லாத படம்தான் சுத்தமா இருக்கு."

அம்மா இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வேல முடிஞ்சிச்சு, அது கெளம்பிருச்சு," என்றார். "உன் பொம்பாக்காரனுங்களுக்குத்தான் அது தெரியல."