நாலுநாய் அண்ணையும் முயல் வேட்டைத் தடையும்

யாழ்ப்பாணத்துத் தீவகம் முழுதும் சல்லடை போட்டுத் தேடினாலும் நாலுநாய் அண்ணையைப் போல ஒரு வேட்டைக்காரரைக் காண முடியாது. நாரந்தனையில் அவருக்கு அடுத்த வளவில் குடியிருப்பவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் கிராம சேவகருக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிறு தவறாமல் நாலு நாய்களோடு பனங்காணிப் புதர்ப் பற்றைகளுக்குள் முயல் வேட்டைக்குப் போவார். முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்பார்கள். அந்த நாலு மூஞ்சிகளையும் பார்த்தால் பிஸ்கட் பிடிக்கும் என்று மட்டும் தெரியும். ஒன்றுக்குக் காது கேளாது. இன்னொன்றை மண்டைதீவுச் சந்தியில் பஸ் அடித்துப் போட்டது. அதைச் சைக்கிள் கூடையில் ஏற்றி வந்து மூன்று காலோடு பிழைக்க வைத்தார்.

அவர் வேட்டைக்கு ஒரு முறை இருந்தது. பற்றையின் ஓரத்தில் நின்று மூன்று தரம் பலமாகக் கை தட்டுவார். ஏனென்று கேட்டேன்.

“படுத்திருக்கிறதைப் போய் அடிக்கிறது வேட்டையோ? எழும்பி ஓட விடவேணும்.”

அவர் தட்டி முடித்து நாய்களை அவிழ்ப்பதற்குள் முயல் அல்லைப்பிட்டியைத் தாண்டியிருக்கும். ஆனால் திரும்பி வரும்போது எங்கள் வாசல் படலையில் நின்று அவர் சொல்லும் கதைகளில் ஒரு முயலும் தப்பியதில்லை. ஒருமுறை முயல் இறைச்சி என்று ஒரு பொட்டலமும் தந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது ஊர் வழக்கு. இந்த முயலுக்கு இரண்டு கால்தான் இருந்தது, இரண்டு செட்டையும் இருந்தது. என் மனைவி கோழிக்குப் போடும் சரக்கைப் போட்டுக் கறி வைத்தாள். முயல் நல்ல ருசி என்று அவருக்குச் சொல்லியனுப்பினோம்.

போன வருடம் வெளியூர் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் நாய்களைக் கொண்டுவந்து வேட்டையாடத் தொடங்கினார்கள். ரொறன்ரோவில் தாதியாக இருந்து ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய அக்கா ஒருவர், தன் வேலியோரத்தில் சினைமுயல் ஒன்று கிழிபட்டுக் கிடந்ததைக் கண்டார். அடுத்த கிழமையே சனசமூக நிலையத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இனி நாய் விட்டு வேட்டையாடக் கூடாது, பற்றைப் பக்கம் எவருடைய நாயும் போகக் கூடாது.

ஊர் இரண்டு பட்டது. கூட்டத்தில் ஊர் வேட்டைக்காரர்கள் தங்கள் பக்கம் பேச நாலுநாய் அண்ணையை முன்னால் தள்ளினார்கள். அவர் சவரம் செய்து, சேட்டுப் போட்டு வந்திருந்தார். நாய்கள் நாலும் வாசலில் படுத்திருந்தன. வேட்டை பரம்பரை வழக்கம் என்று தொடங்கி நன்றாகத்தான் பேசினார். அக்கா கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

“அண்ணை, நீங்கள் இதுவரைக்கும் எத்தினை முயல் பிடிச்சிருக்கிறியள்?”

மண்டபம் காத்திருந்தது. நூறு என்று சொன்னால் அவர் பெயர் நிலைக்கும், நாய்களுக்கோ சங்கிலிதான். கட்டிப்போட்டால் மூன்றுகால்காரி பட்டினி கிடந்தே செத்துவிடும் என்று முந்தின நாள் என்னிடம் சொல்லியிருந்தார். வாசலை ஒருதரம் பார்த்தார்.

“ஒண்டும் பிடிக்கேல்லைத் தங்கச்சி. முப்பது வருசமா ஒண்டும் பிடிக்கேல்லை. நீங்கள் தடையைப் போடுங்கோ, அது நல்லதுதான். என்ரை நாயளை மட்டும் கட்டச் சொல்லாதையுங்கோ. அதுகள் சும்மா உலாத்தத்தான் போறதுகள்.”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், இன்றும் அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தீர்மானத்தின் கீழே தன் கையாலேயே, ‘நாலுநாய் அண்ணையின் நாய்களுக்கு இது பொருந்தாது’ என்று எழுதினார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். அவர் எவரையும் பாராமல் நாய்களோடு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பற்றைப் பக்கம் கை தட்டும் சத்தம் மூன்று தரம் கேட்டது. பிறகு எங்கள் படலைக்கு முன்னால் நாலு நாய்களும் வந்து நின்றன. அவர் நிற்காமல் கடந்து போகப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னண்ணை, இண்டைக்கு எவ்வளவு பெரிய முயல்?”

என் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மெல்ல அகட்டிக் காட்டினார். ஒரு ஆட்டுக்குட்டி அளவு இருக்கும். நான் நம்பினேன்.