ஒருசாணின் கண்ணோரம்

ஆஸ்பத்திரி அறையில் இருந்தவர்கள்: கண் டாக்டரம்மா. கையெழுத்துப் பாரத்தோடு நர்ஸ். அழுது முடித்திருந்த, நோயாளியின் மனைவி. போனை விட்டுக் கண் எடுக்காத மருமகன். கட்டிலில் அவர். கடைசியாக நான், அவருடைய எதிரி.

காவிரி பாயும் ஊர்களில் அவரைப் போல முரண்டு பிடித்தவர் இன்னொருவர் பிறக்கவில்லை. பேர் ஒன்று இருந்தது. ஒருசாண் என்றால்தான் ஊருக்குத் தெரியும். எங்கள் இருவர் வயலும் ஒட்டி இருக்கின்றன. நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கங்களை மண்வெட்டியால் சீவிப் புல்லைக் கழிப்போம். நான் என் பக்கம் சீவினால் போதும், வந்து நிற்பார்.

"ஒரு சாண் போச்சுடா!"

சர்வேயரை மூன்று தடவை வரவழைத்தார். மூன்றாம் தடவை, அளக்கும் சங்கிலியே தப்பு என்று சர்வேயர் மேல் மனு கொடுத்தார்.

வலது கண்ணில் மூக்கோரமாக மிளகு மாதிரி ஒன்று வந்தது. இரண்டு சாகுபடி சும்மா விட்டார். சுண்டைக்காய் ஆனது. சோதித்ததில் புற்று என்றார்கள்.

"இப்ப எடுத்தா கண்ணு தப்பும். விட்டா உள்ள போயிடுங்க" என்றார் டாக்டரம்மா.

"வரப்பு கழிச்சு முடியட்டும், வர்றேன். நான் இங்க படுத்தா இவன் அங்க சீவிடுவான்."

சீவமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கத்தான் அவர் மனைவி என்னைக் கூட்டி வந்திருந்தார்.

"நான் வீட்டுக்குப் போற வரைக்கும் இவன் இந்த ஸ்டூல்ல உட்காரணும். அப்படின்னா வெட்டுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்தேன்.

"கட்டிய எடுத்தா பள்ளம் விழும். ரெண்டு புருவத்துக்கும் நடுவுல, நெத்தியில உள்ள தோலைக் கீழ திருப்பி மூடிடுவோம்" என்றார் டாக்டரம்மா.

"அறுத்து எடுத்து ஒட்டுவீங்களா?"

"இல்லங்க. ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டே இருக்கும். அப்பதான் ரத்தம் ஓடும்."

"வரப்புல புல்லோட மண்ணைத் திருப்பி வைக்கிற மாதிரி. அது சரி. எவ்வளவு வெட்டுவீங்க? கோடு போடுங்க."

டாக்டரம்மா நெற்றியில் பேனாவால் கோடு போட்டார். ஒருசாண் கண்ணாடி வாங்கிப் பார்த்தார்.

"வடக்கால கொஞ்சம் ஏறிப் போயிருக்கு."

"இது என் சர்வே. அப்பீல் கிடையாது."

ஒருசாண் நர்ஸிடமிருந்து பாரத்தை வாங்கினார். கையெழுத்துப் போட்டார்.

தையல் பிரிக்கும்வரை எட்டு நாள். ஒரு கண்ணில் கட்டு. இன்னொரு கண் என் மேல்.

"எங்கடா போற?"

"ஒண்ணுக்கு, அண்ணே."

"சீக்கிரம் வா. நம்ம ஊரு வலங்கைமானுக்கு நிறைய பஸ் இருக்கு."

எட்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மா அவரது இடது கண்ணைப் பொத்தினார்.

"என்ன தெரியுது?"

"அந்தா, ஸ்டூல்ல ஒரு திருடன் உட்கார்ந்திருக்கான். நல்லாத் தெரியுது."

அவர் மனைவி திரும்பவும் அழுதார். நான் எழுந்து சொம்பை எடுத்தேன். தண்ணீர் குடித்தேன்.

அப்போது புதுக் கண்ணோரத்தில் ஒரு ஈ உட்கார்ந்தது. ஒருசாண் நெற்றியைச் சொறிந்தார். ஈ நகரவில்லை. மறுபடி நெற்றியையே சொறிந்தார்.

"தோல் அங்கிருந்து வந்ததுங்க. இங்க தொட்டாலும் கொஞ்ச நாளைக்கு நெத்தியிலதான் தெரியும்" என்றார் டாக்டரம்மா.

"மண்ணு கீழ வந்துடுச்சு. பட்டா இன்னும் மேலயே இருக்கு. இதுக்கும் நான் மனு கொடுக்கணுமா?"

நர்ஸ் சிரித்துத் தட்டைக் கீழே போட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவர் கத்தியது பொய் இல்லை. வருஷத்துக்கு ஒரு விரல் அளவு கூடுதலாகச் சீவியிருக்கிறேன். இரண்டு சாண் வரப்பில் மிச்சம் இருந்தது ஒரு சாண்.

ஊர் வந்த மறுநாள் காலை மண்வெட்டியோடு போனேன். கறுப்புக் கண்ணாடியோடு எனக்கு முன்னால் அங்கே நின்றார்.

"சீவத்தானே வந்த? சீவு பாப்போம்."

என் வயலில் புல்லோடு மண்ணை வெட்டினேன். வரப்பை ஒட்டித் திருப்பி வைத்து மிதித்தேன். மதியம்வரை வெட்டினேன். முடிந்ததும் ஒருசாண் குனிந்தார். கையை விரித்து வரப்பை அளந்தார்.

இரண்டு சாண்.