அக்காவின் மூக்கும் நீங்கள் தந்த குக்கரும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனருக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். இப்படி எழுதிவிட்டு, எழுதியது சரிதானா என்று உள்ளே போய் அவளிடம் கேட்டும் வந்துவிட்டேன், நலம்தானாம். அங்கு நீங்களும் உங்கள் மனைவியும் பிள்ளைகளும் நலம் என்றும், உங்கள் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை என்றும் நம்புகிறேன்.

காலமெல்லாம் அச்சகத்தில் பிறர் எழுதியதில் பிழை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். சொந்தமாக நாலு வரி எழுத உட்கார்ந்தால் கை தயங்குகிறது. ஆனாலும் எழுதாமல் தீராது. அடுத்த வாரம் நீங்கள் குடும்பத்தோடு வருகிறீர்கள். வந்ததும் உங்கள் மனைவி சமையலறைக்குள் போவார். நாங்கள் வீடு மாறியபோது நீங்கள் ஆசையாக வாங்கித் தந்த பெரிய குக்கரைப் பார்ப்பார். அதன் மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் புறப்பட்டு, பாதி வழியில் செம்புக் குழாயாகி, வாளித் தண்ணீருக்குள் சுருண்டு இறங்கி, அடியில் துளையிட்டு வெளியே எட்டிப் பார்ப்பதையும் பார்ப்பார். அவர் அலறுவதற்கு முன் உங்களுக்கு விளக்கம் சொல்லிவிடுவது என் கடமை.

உங்கள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்ததும், போகும்போது அது அவள் மூக்கின் வாசனையையும் கூட்டிக்கொண்டு போனதும் உங்களுக்குத் தெரியும். தெருமுனையில் நின்றபடியே எந்த வீட்டில் பால் பொங்கி வழிகிறது என்று சொல்லக்கூடியவள், காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெந்நீர் மாதிரி இருக்குங்க" என்று டம்ளரைக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு தட்டில் பாதி மிச்சம். பாடிக்கொண்டே சமைப்பவள் பேசாமல் சமைத்தாள். தினமும் நல்ல வாசனைகளை முகரச் சொன்னார் டாக்டர். மூக்குக்கு மெல்ல நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். கடைசியில் சொன்னது அவள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்துவிட்டது.

கடையில் வாசனை எண்ணெய் வாங்கினேன். ரோஜா என்று ஒன்று, எலுமிச்சை என்று ஒன்று. இரண்டிலும் ஒரே சோப்பு வாடை. கடைக்காரரிடம் போய்த் தயக்கத்தோடு சொன்னேன். "மூடியோட கலரப் பாத்து மோந்து பாருங்க சார், வித்தியாசம் தெரியும்" என்றார். அப்போதுதான் வீட்டிலேயே வடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். முறை எளிது என்றுதான் படித்தேன்: குக்கரில் தண்ணீர், அதற்கு மேல் ஒரு துளைத்தட்டு, தட்டில் இலையோ பூவோ. ஆவி அவற்றின் வாசனையைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியே வரும். வாளித் தண்ணீர் அதைக் குளிரவைக்கும். சொட்டுச் சொட்டாக வாசனை நீர் இறங்கும், அதன் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் மிதக்கும். படிக்கும்போது எல்லாமே எளிதாகத்தான் இருக்கிறது.

செம்புக் குழாய்க்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடம் போனேன். தெருவே அவரை 'ஐஸ்' என்றுதான் அழைக்கும்.

"எதுக்கு சார் இவ்ளோ குழாய்?"

"ஆவியைக் குளிரவைக்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்களப் பாத்தா அப்படித் தெரியலையே சார்!"

"பன்னீர் எடுக்கத்தான்..."

"ஆமா ஆமா, பன்னீர்தான். ரெடியானதும் நமக்கும் ஒரு பாட்டில் எடுத்து வைங்க."

மறுநாளிலிருந்து முன்பின் தெரியாத இரண்டு பேர் தெருவில் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். அவர்களிடம் எப்படி மறுப்பது என்று தெரியாமல் நானும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ரோஜா. குக்கரைத் தேய்த்தேன், தட்டைத் தேய்த்தேன், குழாயை ஊதிப் பார்த்தேன். மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் கழற்றிக் கழுவத் தோன்றவில்லை. முந்தின நாள்தான் அந்தக் குக்கரில் உங்கள் அக்கா பூண்டு வேகவைத்திருந்தாள். ரப்பர் அதை மறக்கவில்லை. சூடேறியதும் ரோஜாவோடு பூண்டும் கிளம்பி வந்து பாட்டிலில் குடியேறிவிட்டது. எனக்கே லேசாகப் பூண்டு போலத்தான் பட்டது, ஆனால் என் மூக்கை நான் நம்பியதில்லை. நம்பிக்கையோடு உங்கள் அக்காவிடம் நீட்டினேன். நெடுநேரம் முகர்ந்தாள். "ஏதாவது தெரியுதா?" என்றேன். அவள் கண் கலங்கிவிட்டது மைத்துனரே. வாயைப் பொத்திக்கொண்டு, "இல்லீங்க" என்று குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். உள்ளே போகும்போதே அவள் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். அவளை இப்படி அழவைத்துவிட்டோமே என்று கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

பிழையை யாராவது உறுதிசெய்தால் தேவலை என்று மாடிவீட்டுத் தையல்காரரிடம் பாட்டிலைக் கொண்டுபோனேன். நாங்கள் இங்கே குடிவந்தது முதல் அவர் வீட்டு வாசல்படியை நான் மிதித்ததில்லை. ஒரே ஒரு முறை முகர்ந்துவிட்டு, "சார், இதப் பூசிக்கிட்டு கல்யாணத்துக்குப் போனா நேரா பந்தியிலதான் உக்கார வைப்பாங்க" என்றார். அன்றிலிருந்து அவர்தான் என் நீதிபதி. புதினாவை இருமல் மருந்து என்றார். ஆரஞ்சுத் தோலை மட்டும், "இது ஆரஞ்சுதான், ஆனா கொஞ்சம் மனவருத்தத்துல இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

தைல மரத்து இலையை வடித்தபோது ரப்பர் குழாய் பிடுங்கிக்கொண்டு பாம்பு மாதிரி ஆடியது. சமையலறை முழுக்க ஆவி. நான் மேசைக்கடியில். மாடியிலிருந்து தையல்காரர் ஓடிவந்தார், திட்டத்தான் வருகிறார் என்று நினைத்து இன்னும் உள்ளே ஒடுங்கினேன். "சார், எங்க இருக்கீங்க? மூக்கு திறந்துடுச்சு சார்! ரெண்டு பக்கமும்!" என்று குனிந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். யாருக்காகப் பாடுபட்டேனோ அந்த மூக்கு திறக்கவில்லை, மாடிவீட்டு மூக்கு திறந்துவிட்டது, இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மேசைக்கடியிலேயே நன்றி சொன்னேன்.

அடுத்தது கிராம்பு. அதன் எண்ணெய் மேலே மிதக்காது, அடியில் தங்கும் என்பதைப் படிக்க மறந்து, மேலே தேடித் தேடி, சந்தேகம் வந்து கண்ணாடியை எடுக்க உள்ளே போனவன், கண்ணாடி நெற்றியிலேயே இருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள் குக்கரில் தண்ணீர் வற்றிவிட்டது. உங்கள் அக்கா அப்போது மாடியில் துணி தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கத்தினாள்: "ஏங்க, அடியில புடிக்குது! அடுப்ப அணைங்க!" அணைத்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "மனசுல பட்டுச்சு" என்றாள். மூக்கு இழந்தவளுக்கு மனசே மூக்காகிவிட்டது பாருங்கள். அன்று முழுக்க நெகிழ்ந்து போயிருந்தேன்.

ஆனால் கிராம்பையும் முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். யோசித்தேன். மென்மையான வாசனைக்கு இந்த மூக்கு மசியாது. முரட்டு வாசனை வேண்டும். நேற்று ஒரு பெரிய பையில் பூண்டு வாங்கிவந்து, தாளை விரித்து உரிக்க உட்கார்ந்தேன்.

"இது எதுக்குங்க?"

"வடிக்கப் போறேன். பூண்டுத் தைலம். இதுக்கும் அசையலேன்னா வெங்காயம்."

அவள் கொஞ்ச நேரம் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அலமாரியிலிருந்து கிராம்புப் பாட்டிலை எடுத்துத் திறந்தாள். மூக்கருகே வைத்தாள். "ஏங்க! கிராம்பு! கிராம்பு வாசனை வருதுங்க!"

நான் பூண்டுத் தோலோடு அப்படியே அழுதுவிட்டேன். சத்தம் கேட்டு இறங்கிவந்த தையல்காரர் கைதட்டினார். ஐஸ்கூட வந்தார், கிராம்பு நீரை ஆவலோடு வாங்கிக் குடித்துவிட்டு ஏமாற்றத்தோடு போனார். இன்று காலை அவள் பாடிக்கொண்டே சமைக்கிறாள். இதை என் வெற்றி என்று சொல்லிக்கொள்ள எனக்கு நா எழவில்லை. ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஆகவே குக்கரை மன்னியுங்கள். அதற்கு ஈடாக ஒன்று யோசித்திருக்கிறேன். பூண்டு அப்படியே மிச்சம் இருக்கிறது, முழங்காலுக்குப் பூண்டு நல்லது என்கிறார்கள். நீங்கள் ஊர் திரும்பும்போது சாதனங்களோடு நானும் கூடவே வந்து, ஒரு மாதம் தங்கி, உங்கள் சமையலறையிலேயே வடித்துத் தருகிறேன். நீண்ட ஆயுளும் நோயற்ற முழங்காலும் பெற்று நீங்கள் எல்லோரும் வாழ, வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதியில் வாழ்த்துகிறேன்.

தங்கள் அன்புள்ள
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். உறைய ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்திருக்காரு. எனக்கு வாசனை திரும்பினது நேத்து இல்லடா, அந்த முதல் பாட்டில்லயே. ரோஜான்னு நீட்டினாரு, குப்புன்னு பூண்டு! அவ்வளவு நாள் கழிச்சு என் மூக்குக்கு வந்த முதல் வாசனை அதுதான். குளியலறையில நான் அழுதேன்தான், ஆனா சிரிச்சுச் சிரிச்சு. பாட்டிலப் புடிச்சுக்கிட்டு அப்படி நிக்கிற மனுஷன்கிட்ட "பூண்டு நாறுது"ன்னு எந்த வாயால சொல்றது? மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள மாடிக்குப் போய்ப் பேசிட்டு வந்துட்டாரு. கடிகாரம் நின்னா பக்கத்து வீட்டுல மணி கேக்கக்கூடப் போகாதவரு! தெருவுல நாலு பேரு வணக்கம் வேற சொல்றாங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன். அந்தப் பூண்டுப் பையப் பாத்த பிறகுதான் தாங்க முடியாம நேத்து கிராம்பச் சொன்னேன். அவருகிட்ட உண்மையச் சொல்லிடாத. பூண்டுதான் மருந்துன்னு தெரிஞ்சா திரும்ப முதல்லேந்து ஆரம்பிச்சிடுவாரு. உனக்கு முழங்கால் வலி சுத்தமா போயிடுச்சுன்னு உடனே பதில் எழுது. வரும்போது குக்கருக்குப் புது ரப்பர் ஒண்ணு வாங்கிட்டு வா. பழசு என்கிட்ட பத்திரமா இருக்கு, அத மட்டும் யாருக்கும் தரமாட்டேன்.