குருவாரின் சம்மதம்

அரசாங்க ஆபீசுக்கு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகாத மனிதன் கிடையாது. மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற உற்சாகத்தோடு போனவர், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் எங்கள் குருவார்.

அறுபதுகளில் நான் பம்பாயில் ஒரு வார்டு ஆபீசில் குமாஸ்தா. எந்த வார்டு என்று சொல்லப்போவதில்லை. வியாழக்கிழமைதோறும் காலையில் வார்டு ஆபீசர் பொதுமக்களின் குறைகளை நேரில் கேட்பார். அடைத்துக்கொண்ட சாக்கடை, வராத தண்ணீர், நாய் லைசென்ஸ், வழியை மறித்துக் கட்டப்பட்ட பக்கத்து வீட்டு எருமை என்று மத்தியானம் வரை ஓடும். தாராவித் தோல் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த இந்தத் திருநெல்வேலிக்காரருக்கு வாராந்தர லீவு வியாழன். தவறாமல் வந்துவிடுவார். இந்தியிலும் மராட்டியிலும் வியாழனுக்குக் குருவார் என்று பெயர். ஆபீஸ் பியூன் பாண்டு, "குருவார் ஆ கயா!" என்று கூவினால் கிழமை வந்துவிட்டது என்ற அறிவிப்பு அல்ல, இவர் வந்துவிட்டார் என்று அர்த்தம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு போட்டிருப்பார். ஏதோ கல்யாண பேண்டுக்காரர் கழித்துப்போட்ட கோட்டு. தோளில் ஜரிகை தொங்கும். கை மட்டும் முழங்கையோடு நின்றுவிடும்.

"இது எதுக்கு பெரியவரே, இந்த வெயில்ல?" என்று கேட்டேன்.

"சர்க்காரைப் பாக்க வாரோம்லா சாமி. வெறுஞ் சட்டையோடவா வருவாவ?"

வெறுங்கையோடும் வரமாட்டார். ஒரு நாள் அவர் தெருச் சாக்கடைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வந்து ஆபீசர் மேஜையில் வைத்தார். பைலில் மூழ்கியிருந்த ஆபீசர் டீ என்று நினைத்துக் கையை நீட்டி, மூடியையும் திருகிவிட்டார். பாண்டு மட்டும் பாய்ந்து பிடுங்காவிட்டால் வார்டுக்கு வேறு ஆபீசர் தேட வேண்டியிருந்திருக்கும். அதற்கப்புறம் வியாழக்கிழமைகளில் எங்கள் ஆபீசில் யாருமே முகர்ந்து பார்க்காமல் எதையும் குடித்ததில்லை.

பதினெட்டு வருஷ பம்பாய் வாசத்தில் அவர் கற்றுக்கொண்ட இந்தி மூன்றே வார்த்தை: பானி, நஹி, சாகேப். அதாவது தண்ணீர், இல்லை, ஐயா. அவர் தெருவுக்குக் குழாய் கிடையாது. ஆகவே அந்த மூன்று வார்த்தையை வரிசையாகச் சொன்னாலே மனு முடிந்துவிடும். ஆனால் குருவார் அப்படிச் செய்கிற ஆளா? தமிழில் இருபது நிமிஷம் பேசுவார். அதை ஆபீசருக்கு மொழிபெயர்த்துச் சொல்வது, அங்கே இருந்த ஒரே தமிழனான என் தலையில் விழுந்தது.

"அதாவது சாமி, விடியவும் எங்க தெருப் பொம்பளைய குடத்தைத் தூக்கிட்டு மெயின் ரோட்டைத் தாண்டிப் போறாவ. லாரி வருது. போன மாசம் செல்லத்தாயி குடம் நசுங்கிப் போச்சு. குடந்தான் நசுங்குச்சு, அவ நசுங்கல, அது ஆண்டவன் புண்ணியம். ஆனா அவ மாமியாரு என்ன சொல்லுதா தெரியுமா..."

மாமியார் சொன்னது, செல்லத்தாயி திருப்பிச் சொன்னது எல்லாம் முடிந்து அவர் மூச்சு வாங்கும்போது நான் ஆபீசரிடம் திரும்பி, "தண்ணீர் இல்லையாம், சாகேப்" என்பேன்.

குருவார் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். "என்ன சாமி, செல்லத்தாயியக் காணமே?"

"எல்லாம் சொல்லியாச்சு."

"அடேயப்பா, மராட்டி அம்புட்டுச் சுருக்கமான பாசையா!"

இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான், உத்தியோகஸ்தத் தமிழர்கள் குடியிருக்கும் மாட்டுங்காவின் வாசி. கஞ்சி போட்ட சட்டை, ரயிலில் பர்ஸ்ட் கிளாஸ் பாஸ் வாங்கும் ஆசை, இரண்டும் எனக்கு உண்டு. ஆபீசில் எல்லாரும் அவரை என்னுடைய "காவ்வாலா", அதாவது என் ஊர்க்காரர் என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர் ஜில்லா வேறு, என் ஜில்லா வேறு என்று நான் தேசப்படத்தை வைத்து விளக்காத குறை. ஒருமுறை மாட்டுங்கா ஸ்டேஷனில் எதிர்ப் பிளாட்பாரத்திலிருந்து ஜரிகைக் கோட்டோடு "சாமீ!" என்று கூவினார். நான் எடை பார்க்கும் மெஷின் மேல் ஏறி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். "யாரோ உங்களைக் கூப்பிடறாளே" என்றாள் என் மனைவி. "வேற யாரையோ" என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரோடு சேர்த்து என்னைப் பார்ப்பது எனக்கு அவமானமாக இருந்தது.

ஒரு வழியாகக் குழாய்க்கு உத்தரவு வரும் போல் ஆயிற்று. எங்கே போடுவது என்பதுதான் பாக்கி. தெரு வாசல் பள்ளம். உள்ளே மாவு மில் பக்கம் மேடு. குருவார் ஒரு கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து ஆபீசர் முன்னால் தொங்கவிட்டார்.

"வாசல்ல தண்ணி நிக்கிற கணக்கு இது. மொத முடிச்சு ஆனி மாசம், கணுக்கால். ரெண்டாவது ஆடி, முழங்கால். மூணாவது எங்க வீட்டம்மா இடுப்பு. அங்கன குழாய் வச்சா சாக்கடைக்குள்ள நின்னுல்லா குடிதண்ணி பிடிக்கணும்? மேட்டுல வைக்கச் சொல்லுங்க சாமி."

நான் மொழிபெயர்த்தேன்: "சாகேப், கயிறு."

அறையே சிரித்தது. என்னையும் சேர்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குக் காது சுட்டது.

இரண்டு வாரம் கழித்து ஆபீசர் பைலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வாசலில் போடுவதானால் அடுத்த மாதமே குழாய். மேட்டில் என்றால் பைப் நீட்டத் தனி அனுமதி வேண்டும், தாமதமாகும். எது வேண்டும் என்று அவரிடம் கேள்."

கேட்டால் கயிறு மறுபடி வெளியே வரும். இருபது நிமிஷம், செல்லத்தாயி, சிரிப்பு. நான் குருவாரிடம் திரும்பி, "பெரியவரே, உங்க தெருவுக்குக் குழாய் வரது. சந்தோஷமா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "சந்தோசமான்னா கேக்கீய!" என்று என்னையும் ஆபீசரையும் மாறி மாறிக் கும்பிட்டார்.

"வாசலுக்குச் சம்மதமா?" என்றார் ஆபீசர்.

"சம்மதம்தான் சாகேப்" என்றேன்.

மனுதாரர் தெரு வாசலுக்குச் சம்மதிக்கிறார் என்று இங்கிலீஷில் எழுதி நீட்டினேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு நிமிஷம் எடுத்து, அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

குழாய் வாசலில் வந்தது. மழையும் வந்தது. குழாயின் மூக்கு மட்டும் வெளியே தெரிகிற அளவுக்குத் தண்ணீர். தெருக்காரர்கள் சிலர் ஆபீசுக்கு வந்து விசாரித்தபோது பைலில் இருந்த கையெழுத்தைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வியாழன் குருவார் கோட்டு இல்லாமல் வந்தார்.

"அந்தக் காயிதத்துல என்ன சாமி எழுதியிருந்துச்சு? ஆபீசரோட காப்பி குடிச்சுட்டுத் தெருவையே வித்துட்டேன்னு சொல்லுதாவ. வீட்டுல அவ சோறு வைக்கா, பேச மாட்டக்கா."

"சாகேப் தீர்மானம் பண்ணிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

அதற்கும் அடுத்த வியாழன், காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடிச் செருப்பை என்னிடம் நீட்டினார். அவரே தைத்தது. மழையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்துவந்த என் ஈரக்கால் ஆபீஸ் தரையில் பதிந்ததை எப்போதோ நூல் வைத்து அளந்திருக்கிறார்.

"எங்களுக்காக வாதாடுனீயள்லா. தெருவுல சொன்னேன். எல்லாருக்கும் ரொம்பச் சந்தோசம்."

அதைக் கையில் வாங்கின பிறகு என்னால் தாங்க முடியவில்லை. அவரை வராந்தாவுக்கு அழைத்துப் போனேன். "பெரியவரே, நான் வாதாடலை. சாகேப் உங்களைக் கேக்கச் சொன்னார். நான் கேக்கலை. சம்மதம்னு நானே சொல்லிட்டேன்."

இருபது நிமிஷம் பேசுகிற மனிதர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அன்னைக்குச் சாப்பாட்டு நேரமாச்சே, பசியா இருந்துச்சோ?"

எனக்காக அவரே ஒரு காரணம் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தார். உங்களோடு நிற்க வெட்கமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். முதல் பொய்யைவிட அது கேவலம்.

"உங்க தெருவுக்கு வந்து நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

அவர் பதறிப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம் சாமி, வேண்டவே வேண்டாம். சர்க்கார் ஆபீசுல நமக்குன்னு ஒருத்தர் இருக்காருன்னு நெனைச்சுக்கிட்டிருக்காவ. அதையும் கெடுக்கணுமா? என்னைப் பேசுனா பேசிட்டுப் போறாவ."

அந்த வாரமே ஆபீசரிடம் உண்மையைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து குருவார் பேசியதை ஒரு வார்த்தை விடாமல், மாமியார் உட்பட, மொழிபெயர்த்தேன். குழாய் மேட்டுக்குப் போவதற்குள் இன்னொரு மழைக்காலமும் போய்விட்டது. பிறகு பட்டறையை மூடினார்கள். அவர் மான்குர்த் பக்கம் குடிபோனதாகப் பாண்டு சொன்னான். தெருவை விற்றவர் என்ற பேர் அவருக்குப் போயிற்றா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

சொல்லாதே என்று அவர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். அந்தத் தெருக்காரர்கள் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள்: அவர் உங்களை விற்கவில்லை. அந்தச் சம்மதத்தைச் சொன்னது நான்.

இதை எழுதிவிட்டேன் என்று தெரிந்தால் அவர் என்னைக் கோபித்துக்கொள்வார். கோபித்துக்கொள்ள அவர் இன்னும் எங்கேயாவது இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.