பலகைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர்

எங்கள் குடும்பத்தை இரண்டாகப் பிரித்துவிடுவது என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. மாமியார் கொடுமை இல்லை, இன்னொருத்தி இல்லை. கரன்ட் பில் வந்திருந்தது. அவ்வளவுதான்.

கரன்ட் விலை மாடிப்படி மாதிரி. கீழ்ப்படியில் நிற்கிறவரை மலிவு. ஒரு யூனிட் கூடிப்போய் அடுத்த படியில் கால் பட்டுவிட்டால், ஏறி வந்த படிகளுக்கும் சேர்த்து மேல்படி விலை போட்டுவிடுவார்கள். நாங்கள் எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் மாதக் கடைசியில் அந்தப் படியில்தான் தடுக்கி விழுவோம். அதுவும் இப்போதெல்லாம் படிக்குப் படி உயரத்தை வேறு கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

இவர் பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறவர். வெள்ளையிலேயே எத்தனையோ வெள்ளை பிரித்துச் சொல்வார். என் முகம் வெளுத்திருந்தால் மட்டும் தெரியாது. பில் ஏற ஏற, வீட்டில் இருக்கிற சுவிட்சையெல்லாம் தன் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். நான் வாயில் போட்டது தொண்டைக்குள் இறங்குவதற்குள் விளக்கை அணைத்துவிடுவார். கேட்டால், இறங்குவதற்கு வெளிச்சம் எதற்கு, வழி அதற்கே தெரியும் என்பார்.

அது போகட்டும். ஒரு காலத்தில் சாப்பிட்டு முடித்த பிறகு நாங்கள் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்போம். கடைக்கு வந்தவன் சாம்பல் நிறத்தை வாங்கிப்போய் நீலம் என்று சண்டைக்கு வந்தது, அந்த மாதிரிப் பேச்சு. பெரிதாக ஒன்றும் இல்லை. விளக்கை அணைத்தபோது அந்தப் பேச்சும் சேர்ந்து அணைந்துவிட்டது. விளக்குக்குத்தான் சுவிட்ச் இருந்தது.

இந்தப் பிரிவினை யோசனையை அவர் தலையில் ஏற்றியது மாடி வீட்டு அக்கா. அவளுடைய கொழுந்தனார் ஒரே வீட்டில் இரண்டு மீட்டர் வைத்திருக்கிறாராம். இரண்டும் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறதாம். இவர் அன்றைக்கே கரன்ட் ஆபீசுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். இரண்டு மீட்டர் வேண்டுமென்றால் இரண்டு குடும்பம் இருக்க வேண்டும். தனி வாசல், தனி அடுப்பு. உள்ளுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வழியே இருக்கக்கூடாது. ஆய்வுக்கு ஒரு இன்ஸ்பெக்டர் வருவார். எப்போது என்று கேட்டதற்கு, எப்போது வேண்டுமானாலும் என்றார்களாம்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமானது. முன்னறை, நடு அறை, சமையலறை, கடைசியில் குளியலறை. பின்பக்கம் சந்துக்கு ஒரு வாசல். கடையிலிருந்து ஒரு பிளைவுட் பலகை கொண்டுவந்து, முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையில் இருந்த வழியை அடைத்து, சுற்றிலும் திருகாணி முடுக்கினார். முன்னறையில் அவர் ஒரு குடும்பம். மிச்சத்தில் நான் ஒரு குடும்பம். சொத்துப் பிரித்ததில் எனக்குத்தான் லாபம் என்றாள் மாடி அக்கா.

"இன்ஸ்பெக்டர் வந்துட்டுப் போற வரைக்கும்தானே?" என்று கேட்டேன்.

"வேற எதுக்கு?" என்றார் பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் வரவில்லை. இன்றைக்கு வருவார், நாளைக்கு வருவார் என்று பார்த்ததில் மழைக்காலமே வந்துவிட்டது, அவர் வரவில்லை. இவர் ஆபீசுக்குப் போனால், பைல் அந்த மேஜையில் இருக்கிறது என்பார்கள். அந்த மேஜைக்குப் போனால் மேஜை இருக்கும், ஆள் இருக்கமாட்டார்.

அதுவரை இவர் ஒரு சின்ன அடுப்பை வைத்துக்கொண்டு முட்டையைக் கருக்கினார். வாசனை பலகைக்கு அடியில் வந்து எனக்குத் தகவல் சொல்லும். ஒரு தட்டில் போட்டுச் சந்து வழியாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றால் கேட்கமாட்டார். பக்கத்து வீட்டிலிருந்து மூன்று வேளையும் சாப்பாடு வந்தால் எந்த இன்ஸ்பெக்டர் நம்புவான் என்பார். எனக்கோ தொண்டையில் ஒன்றும் இறங்காது. அடுப்பை அணைத்தாரோ இல்லையோ, துவைத்த சட்டையைப் போட்டாரோ அழுக்கையே போட்டாரோ. கவலைப்படுவதில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

குளியலறை என் பங்குக்கு வந்துவிட்டதால், அதற்கு மட்டும் அவர் வந்தாக வேண்டும். காலையில் தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாகத் தெருவில் இறங்கி, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, என் கதவைத் தட்டுவார்.

"குளிச்சுக்கலாமா?"

என்னிடம் கேட்கிறார். தாலிக்குக் கழுத்து நீட்டி வந்தவளிடம். நானும் யோசிக்கிற மாதிரி கொஞ்சம் நின்றுவிட்டு, குளிங்க என்பேன். தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே போகிறபோது, வரேன் என்பார். கதவைச் சாத்திய பிறகு அந்த ஈரக் கால் தடத்தைத் துடைக்க மனம் வராமல் நிற்பேன். அவர் வருகிற நேரத்துக்கு நான் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்பதையே சில நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

ஒருநாள் காலையில் அவர் உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போது இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பலகையைத் தட்டிப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம். அதோடு ஒரு பாட்டு வேறு.

"உள்ள யாரும்மா?"

"பக்கத்து வீட்டுக்காரருங்க."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். "பக்கத்து வீட்டுக்காரர் உங்க வீட்ல குளிக்கிறாரா?"

"அவர் வீட்ல குளியலறை இல்லீங்க. பாவம்."

பாட்டு நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு வேறு குடும்பம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. வேறு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேகமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுபடியும் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீட்டர் வந்தது. என் பெயரில் வந்தது. அடுத்த பில்லில் இரண்டு மீட்டரும் கீழ்ப்படியிலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. அவர் தன் பில்லைப் பலகைக்கு அடியில் தள்ளி, பார்த்தியா, பார்த்தியா என்றார். பார்த்தேன். திருகாணி கழற்றுகிற சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ரொட்டியில் எதையோ தடவுகிற சத்தம்தான் வந்தது.

மறுநாளும் வரவில்லை. நானே பலகையைத் தட்டி, இன்ஸ்பெக்டர்தான் வந்துவிட்டுப் போய்விட்டாரே என்றேன். எப்போது வேண்டுமானாலும் வருவோம் என்று சொல்லியிருக்கிறாரே, அதற்குள் மறந்துவிட்டாயா என்றார். அரசாங்கம் சொல்கிற எதையும் நம்பாத மனிதர் இதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

கடல் தாண்டிப் போனவர்களின் பெண்டாட்டிகள் போட்டோவைப் பார்த்து ஏங்குவார்கள். நான் பிளைவுட்டைப் பார்த்து ஏங்கினேன். அவர்களுக்காவது போன் வரும். சாயங்காலம் அவர் வந்து செருப்பை விடுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், கரண்டி சுரண்டுகிற சத்தம் எல்லாம் கேட்டுவிட்டு, அதற்கப்புறம் ஒன்றும் கேட்காது. அந்த ஒன்றும் கேட்காததைத்தான் தாங்க முடியாது. தெருவிலோ நாங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் பிரிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். இந்த விவரமெல்லாம் தெரிந்த மாடி அக்காவே என்னிடம் வந்து, எதற்கும் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்துப் போயேன் என்றாள்.

விட்டுக்கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? வந்துவிடுங்கள் என்று நான் சொன்னால் அவர் வந்துவிடுவாரோ என்னவோ. ஆனால் அவராகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது எனக்கு. இத்தனை வருஷத்தில் துண்டு எங்கே, சாவி எங்கே என்று கேட்டிருக்கிறார். நான் எங்கே என்று கேட்டதில்லை. எங்கேயும் போனதில்லை என்பதால் கேட்கவில்லையோ என்னவோ. இப்போதுதான் பலகைக்கு அந்தப் பக்கம் போயிருக்கிறேனே, இப்போதாவது கேட்கலாமே.

ஒரு சாயங்காலம் பலகையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு ஒண்ணும் கொறையாத் தெரியலையா?" என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. அப்புறம், "தெரியுது" என்றார்.

நான் காதைப் பலகையோடு ஒட்டவைத்தேன்.

"சட்டை மாட்ட ஒரு கொக்கி இல்ல."

மறுநாள் அவர் கடைக்குப் போன பிறகு நான் பஸ் ஏறிக் கரன்ட் ஆபீசுக்குப் போனேன். என் மீட்டரை ரத்து செய்துவிடுவது என்று. அங்கே கவுன்டரில் ஒரு பெரிய கண்ணாடி. அதில் எட்டாத உயரத்தில் ஒரு ஓட்டை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நான் சொன்னது புரியவே நேரமானது. மீட்டர் கேட்டு வந்தவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார், திருப்பித் தர வந்தவளைப் பார்த்ததில்லை. காரணம் கேட்டார். சொன்னேன். கேட்கவில்லை என்று காதைக் காட்டினார். இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். இன்னும் கேட்கவில்லை. கடைசியில் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓட்டைக்கு நேராகக் கத்தினேன்.

"என் வீட்டுக்காரர்கூட ஒரே வீட்ல இருக்கணும்."

பின்னால் வரிசையில் இருந்த பேச்செல்லாம் நின்றுபோனது. என் காது இரண்டும் பற்றிக்கொண்டு எரிந்தது. அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு, முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"அவரும் அப்படித்தான் சொல்றாரா?"

"அவருக்குக் கொக்கி வேணுமாம்."

கண்ணாடி வழியாக அந்த அம்மா சிரித்தது மட்டும் நன்றாகவே கேட்டது. கையோடு ரத்து போட்டுக் கொடுத்துவிட்டார். மீட்டரைக் கழற்ற ஆள் எப்போது வருவார் என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பதில் எனக்கே தெரியும். ஆனால் நகர மனம் வரவில்லை. ஊர் கேட்க நான் ஒருத்தி மட்டும் கத்தியிருக்கிறேன். அவர் அங்கே கடையில் குளுகுளுவென்று யாருக்கோ சுண்ணாம்பு வெள்ளை கலந்துகொண்டிருப்பார். இது எந்த ஊர் நியாயம்? மறுபடியும் ஓட்டைக்கு எட்டிக்கொண்டு, அந்த அம்மாவிடம் ஒரு விஷயம் கேட்டேன்.

"கூட்டிட்டு வாங்கக்கா," என்றார். "மத்தது என் பாடு."

வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டதும் பலகையில் வாயை வைத்துச் சொன்னேன். குளியலறை விஷயம் ஆபீசில் தெரிந்துபோய்விட்டது. ஒரே குளியலறை என்றால் ஒரே வீடுதானாம். இரண்டையும் ஒன்றாக்கக் குடும்பத் தலைவர் நேரில் வந்து காரணம் சொல்ல வேண்டுமாம். இல்லையென்றால் இரண்டு மீட்டருக்கும் வீட்டு ரேட்டை விட்டுக் கடைகளுக்குப் போடுகிற கடை ரேட் போட்டுவிடுவார்களாம். கடை ரேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது.

அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். வரிசையில் அவர் முன்னால், நான் பின்னால். கவுன்டர் அம்மா என்னைத் தெரிந்தமாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. எதற்காக ஒன்றாக்க வேண்டும், காரணம் சொல்லுங்கள் என்றார்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குளிப்பதற்குத் தெருவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்றார். அது தண்ணீர், தண்ணீருக்கு வேறு ஆபீஸ் என்றார் அந்த அம்மா. தனியாகச் சமைத்துக்கட்டி மாளவில்லை என்றார் இவர். அது கேஸ், அதற்கும் வேறு ஆபீஸ். சரி, பில் என்று ஆரம்பித்தார். பில்தான் குறைந்திருக்கிறதே, அது எப்படிக் காரணமாகும் என்றார் அந்த அம்மா. பின்னால் நின்ற ஒருவர், உண்மையான காரணத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள் ஐயா, என் வீட்டில் நாலு நாளாகக் கரன்ட் இல்லை என்றார்.

இவர் முதுகைத்தான் என்னால் பார்க்க முடிந்தது. பிடரி வியர்த்திருந்தது. சட்டைக் காலர் உள்பக்கம் மடிந்திருந்தது. கை நீட்டி அதை இழுத்துவிடலாமா என்று இருந்தது. விரலை மடக்கிக்கொண்டேன். கரன்ட் பில்லைத் தவிர வேறு ஏதாவது இந்த மனிதருக்குள் இருக்கிறதா, இல்லையா? இல்லை என்று தெரிந்துபோனால் நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?

ஓட்டைக்கு நேராக ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல," என்றார் அந்த அம்மா.

மறுபடியும் சொன்னார்.

"கேக்கலங்க. சத்தமா."

அவர் கவுன்டர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவ அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது. பலகைய வச்சது நான்தான். எதுக்கு எடுக்கறன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியாம, பலகையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவ இல்லாம முடியலங்க. போதுமா?"

நாலு நாளாகக் கரன்ட் இல்லாதவர்கூட வாயைத் திறக்கவில்லை.

அந்த அம்மா ஒரு தாளைப் புரட்டினார். "சரிங்க. இந்த மீட்டர் போன வாரமே ரத்தாயிடுச்சு. போயிட்டு வாங்க."

"ரத்தாயிடுச்சா? அப்ப என்னை எதுக்குங்க இவ்வளவு நேரம் கத்த வச்சீங்க?"

அந்த அம்மா பேனாவால் அவர் தோளுக்குப் பின்னால் காட்டினார். அவர் மெல்லத் திரும்பினார். திரும்பி, என்னைப் பார்த்தார்.

"கண்ணாடியப் பாத்துச் சொன்னீங்களா, எனக்குச் சரியாக் கேக்கல," என்றேன். "இப்படித் திரும்பி இன்னொரு தடவை சொல்லுங்க."