ஒரு ஐடி, ஒரு ஓட்டு

இந்த வருஷ போனஸில் பட்டம்மாளைக் கேட்காமலேயே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிடுவது என்று கோதண்டம் தீர்மானித்தார். தீர்மானித்த இடம் ஹார்பர் கேட். அந்தத் தீர்மானம் கல்மண்டபம் பஸ் ஸ்டாப் வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. சந்து முனையில் லேசாகத் தலை சுற்றியது. வீட்டு வாசப்படி ஏறியதும் மண்டையைப் போட்டுவிட்டது.

"இன்னாயா, மூஞ்சி ஒரு தினுசா கீது?" என்றாள் பட்டம்மாள்.

"ஒண்ணுமில்லமே."

"போனஸு எங்க?"

எடுத்துக் கொடுத்தார். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் அடி வாங்கிக்கொண்டு சும்மா கிடப்பானா? எழுந்து போய் அடுத்த அடிக்கு ஏற்பாடு செய்துகொள்ள மாட்டானா?

கோதண்டம் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணி எழுதுகிற உத்தியோகம். ஒரு மூட்டை குறைந்தாலும் கிரேனையே நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்பார். வீட்டில் அவர் கேட்கக்கூடிய ஒரே கேள்வி 'சோறு போடறியா?' என்பதுதான். அதையும் நேரம் காலம் பார்த்துத்தான் கேட்க வேண்டும். டி.வி. ரிமோட்டை அவர் தொடுவது பேட்டரி மாற்றும்போது மட்டும்.

அப்பேர்ப்பட்டவருக்கு இன்னொரு பிறவி இருந்தது. எதிர்வீட்டு ஜன்னத் தன் வீட்டு முன்னறையைத் தட்டிகளால் தடுத்து பிரவுசிங் சென்டர் நடத்திவந்தாள். சாயங்காலமானால் அந்தத் தட்டிக்குள் நுழைவது கோதண்டம். நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் சுதந்திரச் சிங்கம்.

'நுகர்வோர் மேடை' என்று இணையத்தில் ஓர் அரங்கம். டொரன்டோவில் யாரோ ஒரு புண்ணியவான் நடத்தினான். துபாய், சிங்கப்பூர், லண்டன் என்று எங்கெங்கோ இருக்கிற தமிழர்கள் அதில் கூடி, வாங்கிய பொருளையும் விற்றவனையும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதில் கோதண்டம் வைத்துக்கொண்ட பெயர்தான் சுதந்திரச் சிங்கம்; அந்தச் சிங்கம் கர்ஜித்தால் உலகமே திரும்பிப் பார்க்கும். 'செல்போனில் கம்பெனிக்கொரு சார்ஜர் முனை ஏன்? என் நண்பன் சார்ஜர் என் போனில் நுழையாதென்றால் நான் அடிமையா, வாடிக்கையாளனா?' என்று ஒரு தடவை எழுதினார். நாலு தேசத்துக்காரர்கள் கைதட்டினார்கள். கோதண்டத்திடம் செல்போனே கிடையாது. அதை யார் கேட்டார்கள்? 'பார்க்காத சானலுக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும்?' என்று இன்னொரு தடவை முழங்கினார். அவர் வீட்டில் பட்டம்மாள் பார்க்கிற சானலைத் தவிர எல்லாமே பார்க்காத சானல்தான்.

ஜன்னத் சரியான நேரத்துக்கு வந்து தட்டியைத் தட்டுவாள். "அண்ணே, டைம் ஆயிடுச்சி. எந்திரி."

சிங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு சந்தைத் தாண்டி வீட்டுக்குப் போகும். அதனால்தான் அவருக்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. சொந்தக் கம்ப்யூட்டர். தட்டியைத் தட்ட ஆளில்லாத கம்ப்யூட்டர். அந்த ஒன்று மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டால் ஒரு மூலையிலாவது தானும் ஒரு மனுஷனாக உட்கார்ந்திருக்கலாம் என்று அவர் ஏங்கினார். பாவம், நெசமாகவே ஏங்கினார்.

ஆனால் பட்டம்மாளுக்கு வேண்டியது வெட் கிரைண்டர். ஆட்டுக்கல்லில் மாவாட்டி ஆட்டித் தோள்பட்டை கழன்றுவிட்டது என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தாள். கோதண்டமும் ரொம்ப நாளாகத் தலையாட்டிவந்தார்.

அது தண்ணீர்ப் பஞ்ச வருஷம், இரண்டாயிரத்து நாலு. குழாயில் காற்றுதான் வரும். லாரித் தண்ணிதான் கதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டம்மாள் சந்து முனையில் குடங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் குடம் மட்டுமா? மீன் விற்கப் போனவள், துணிக்கடை வேலைக்குப் போனவள், பிரசவத்துக்குப் போனவள் என்று அந்த நேரம் சந்தில் இல்லாதவர்களின் குடமெல்லாம் அவள் பொறுப்பு. கோதண்டம் படியில் பேப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மே, இது நாயமா? ஆளே இல்ல. குடத்த வச்சிகினு கீற?"

"ஆளு இல்லாட்டி இன்னா? குடம் கீதுல்ல. குடம் வந்தா ஆளு வந்தா மாதிரி. இந்தச் சந்துல அதான் சட்டம்."

"யாரு குடம் எதுன்னு எப்டித் தெரியும்? பேரு கீரு எழுதிக்கீதா?"

"பேரு எதுக்குயா? பாத்தாலே தெரியும். போயி உன் பேப்பரப் பாரு."

குடத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோதண்டம் பேப்பரைப் பார்த்தார். அதில் அரைப் பக்கத்துக்குக் கம்ப்யூட்டர் விளம்பரம். மனசு கேட்கவில்லை. எங்கிருந்து வந்ததோ தைரியம், வாய் திறந்துவிட்டார்.

"பட்டு, போனஸ்ல கம்ப்யூட்டர் வாங்கலாமே."

"கிரைண்டர் வாங்கலாம்."

"சண்ட வேணாம். ஓட்டுக்கு வுடலாம்."

"வூட்ல கீறது ரெண்டு பேரு. இன்னா ஓட்டு?"

"வூட்ல இல்லமே, மேடைல. 'ஒரு குடும்பத்துக்கு முதல்ல தேவை கணினியா, கிரைண்டரா?'ன்னு கேப்பேன். உலகம் பூரா கீற ஜனங்க ஓட்டுப் போடுவாங்க. அவங்க இன்னா சொல்றாங்களோ அத்த வாங்கலாம். ஒத்துக்கிறியா?"

இதைச் சொல்லும்போது கோதண்டத்தின் மூளை உள்ளே குதியாட்டம் போட்டது. ஏன் போடாது? அந்த மேடையில் ஓட்டுப் போடுகிற அத்தனை பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். அவனவன் கிரைண்டருக்கா குத்துவான்?

பட்டம்மாள் ஒரு குடத்தை நகர்த்தி இன்னொன்றைச் செருகினாள். "அங்க யாரு வேணா ஓட்டுப் போடலாமா?"

"யாரு வேணா! சாதி இல்ல, மதம் இல்ல, கதவு தொறந்தே கீது. அதுக்குப் பேருதான் சுதந்திரம்."

"சொந்தப் பேரு சொல்லணுமா?"

"அவசியமே இல்ல. வாயில வந்த பேர வச்சிக்கலாம். ஒரு ஐடி, ஒரு ஓட்டு."

"ஐடின்னா?"

"உள்ள வர்றதுக்கு ஒரு பேரு. அவ்ளோதான்."

"ஓஹோ," என்றாள் பட்டம்மாள். "சரி. ஒத்துக்கினேன்."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை. அங்கேயே கோதண்டம் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சந்தோஷத்தில் அவளுக்காக ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலமே வாக்கெடுப்பு தொடங்கியது. ஒரு வாரம் கெடு. முதல் நாளே கணினி எட்டுக்கால் பாய்ச்சலில் ஓடியது. 'கிரைண்டரில் இமெயில் வருமா?' என்று துபாய்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். கோதண்டம் தட்டிக்குள் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாண்ணே, தனியா சிரிச்சிகினு கீற?" என்று ஜன்னத் எட்டிப் பார்த்தாள்.

"நல்ல காலம் பொறக்குது ஜன்னத்து. இனிமே இந்தப் பக்கம் என்ன நீ பாக்கவே மாட்ட."

"அப்டியா? ரொம்ப சந்தோசம்ணே," என்றாள் ஜன்னத். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மேடைக்குப் புதுசு புதுசாக உறுப்பினர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆரஞ்சு என்று ஒருவர். கிளிப்பச்சை என்று ஒருவர். ரெட்டைக் கயிறு, வாய் கிழிஞ்சது, கரி பூசினது, பொட்டு வச்சது என்று நாளுக்கு நாள் பட்டியல் நீண்டது. தமிழர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வதில் சூரர்கள். இதில் கோதண்டத்துக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நவீன கவிஞர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தன் புகழ் பரவுகிறது என்றும் நினைத்துக்கொண்டார். ஒவ்வொருவரையும் 'வருக, வருக! இது உங்கள் வீடு!' என்று வாசலில் நின்று வரவேற்றார்.

அதிலும் அந்த ஆரஞ்சு இருக்கிறதே, தங்கமான மனுஷன். மிக்ஸி ஜாரில் கசிவு ஏன் வருகிறது, குக்கர் விசில் ஏன் திணறுகிறது என்று புட்டுப்புட்டு வைப்பார். சிங்கத்தின் பழைய பதிவுகளையெல்லாம் தேடிப் பிடித்து, அடியில் 'சிங்கம் அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு சரி' என்று எழுதினார். ஒரு தடவை இல்லை, பதிவு தவறாமல் எழுதினார்.

கோதண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நீ சொல்வது சரி என்று அவரிடம் யாராவது சொல்லி எவ்வளவு காலமாயிற்று! சிங்கப்பூரிலோ லண்டனிலோ முகம் தெரியாத ஒரு ஜீவன் தன்னைப் புரிந்துகொண்டிருக்கிறதே என்று நெகிழ்ந்துபோனார். அந்த நெகிழ்ச்சியில் டொரன்டோ புண்ணியவானுக்கு ஒரு கடிதமும் எழுதினார். மேடையில் கூட்டம் கூடிவிட்டது, கண்டபடி எழுதுகிறார்கள், எதை வெளியே விடலாம் எதை நிறுத்தலாம் என்று பார்க்க ஒரு மட்டுறுத்துநர் வேண்டும், அதற்கு ஆரஞ்சைவிடப் பொருத்தமானவர் கிடையாது என்று சிபாரிசு செய்தார். புண்ணியவான் உடனே நியமித்துவிட்டான்.

"இன்னாயா, உன் ஓட்டு எப்டிப் போவுது?" என்று பட்டம்மாள் ஒரு நாள் கேட்டாள்.

"கொஞ்சம் கிட்ட கிட்ட கீது. ஆனா ஜெயிச்சிடுவோம்."

"நல்லா இரு," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அவள் கேட்காமல் குழம்பு ஊற்றியது அதுதான் முதல் தடவை. அப்போதும் அவர் உஷாராகவில்லை.

கெடு முடிந்தது. கிரைண்டர் ஜெயித்தது. அதுவும் சாதாரண ஜெயிப்பு இல்லை, கணினிக்கு டெபாசிட் காலி. கோதண்டம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு கிரைண்டருக்குக் குத்தியிருக்கிறான்களே, இவன்களெல்லாம் உருப்படுவான்களா? இந்த இனம் விளங்குமா? அன்று ஜன்னத் தட்டியைத் தட்டவே இல்லை. அவராகவே எழுந்து போய்விட்டார்.

பட்டம்மாள் எகத்தாளம் செய்வாள் என்று பயந்துகொண்டே போனார். அவள் செய்யவில்லை. "வுடுயா. உலகமே சொல்றப்போ நாம இன்னா பண்ண முடியும்?" என்று ஆறுதல் சொன்னாள். அது எகத்தாளத்தைவிட வலித்தது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் கோதண்டம்தான். சமையலறை மூலையில் அது குந்தியது. கம்ப்யூட்டருக்கென்று அவர் மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்த அதே மூலை. இரவில் அந்த மூலைக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டம்மாள் குளிக்கப் போனாள். "லாரி வர்ற நேரம். வரிசைல போய் நில்லு. எவளாவது நடுவுல குடத்தச் சொருவிடப் போறா," என்று அவரை விரட்டினாள். கோதண்டம் போய் வரிசையின் தலைமாட்டில் நின்றார். வேலை இல்லாத நேரத்தில் கண் தானாகவே எண்ணத் தொடங்கியது. டாலி கிளார்க் புத்தி.

முதல் குடம் அவர் வீட்டுக் குடம். ஆரஞ்சு நிறம்.

இரண்டாவது கிளிப்பச்சை.

மூன்றாவதன் கழுத்தில் ரெட்டைக் கயிறு கட்டியிருந்தது. நான்காவதற்கு வாய் கிழிந்திருந்தது. அடுத்ததன் அடியில் கரி. அதற்கடுத்ததன் வயிற்றில் யாரோ சாந்துப் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்கப்புறமும் வரிசை சந்து நெடுகப் போனது.

கோதண்டம் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். அடக் கஷ்டகாலமே! மேடையில் தான் கைகூப்பி வரவேற்ற உலகத் தமிழர்கள் அத்தனை பேரும் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு தண்ணி லாரிக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

விட்டார் ஓட்டம் வீட்டுக்கு. பட்டம்மாள் ஈரத் தலையோடு நின்றிருந்தாள்.

"கள்ள ஓட்டு! அத்தனையும் கள்ள ஓட்டு!"

"இன்னா கள்ள ஓட்டு? ஒரு ஐடி, ஒரு ஓட்டு. நீதான சொன்ன?"

"ஆளே இல்லாத ஐடிமே அது!"

"ஆளு கீதுயா. மீன்காரி கீறா, துணிக்கடைக்காரி கீறா. வேலைக்குப் போயிட்டாங்க. அவங்களுக்கு பதிலா நான் வச்சேன். ஒவ்வொருத்தியையும் கேட்டுட்டுத்தான் வச்சேன். எவளும் கம்ப்யூட்டர் வேணும்னு சொல்லல."

"யாரு கத்துக்குடுத்தது?"

"ஜன்னத்து. மத்தியானத்துல அவ கடைல ஈ ஓட்டிகினுதான் கீறா. நான் சொல்லச் சொல்ல அவ அடிச்சா."

கோதண்டம் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ... 'சிங்கம் அண்ணா சொல்வது நூற்றுக்கு நூறு சரி'ன்னு எழுதினது?"

பட்டம்மாள் முதல் தடவையாகத் தலையைக் குனிந்தாள். "அது ஒண்டி தப்புதான்யா. கட்டின புருசன அண்ணான்னு கூப்ட்டுட்டேன். ஆம்பள மாதிரி எழுதணும்னு ஜன்னத்துதான் சொன்னா. மன்னிச்சிக்கோ."

கோதண்டம் எதிர்வீட்டுக்குப் பாய்ந்தார். ஜன்னத் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சிங்கம் கடைசித் தடவையாகக் கர்ஜித்தது. 'உலகத் தமிழர்களே! நாம் வஞ்சிக்கப்பட்டோம்!' என்று தொடங்கி, ராயபுரத்தில் ஒரு சந்தும் அதன் குடங்களும் சேர்ந்து நுகர்வோர் சுதந்திரத்தின் கழுத்தை நெரித்த வரலாற்றை விடாமல் எழுதினார். எழுத எழுத அழுகை வந்தது. எழுதி முடித்து அனுப்பு என்ற பொத்தானை ஓங்கி அமுக்கினார்.

திரையில் ஒரு வரி வந்தது. 'உங்கள் பதிவு மட்டுறுத்துநரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.'

"ஆரஞ்சு இப்ப வூட்டுலதாண்ணே கீது," என்றாள் ஜன்னத். "போய்க் கேட்டுப் பாரு."

போனார். வேறு எங்கே போவார்? அவருக்கு முன்னாலேயே ஜன்னத்தின் குரல் சந்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்திருந்தது. பட்டம்மாள் கிரைண்டர் பக்கத்தில் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஊறவைத்த அரிசியும் உளுந்தும் தயாராக இருந்தன.

"ஏதோ பதிவு போட்டுக்கீறியாமே?"

"ஆமா. அத்த வெளிய வுடு."

"பாக்கலாம். மொதல்ல மாவ அரைச்சி எடு. நைசா இருந்திச்சினா வுடறேன்."

கோதண்டம் சுவிட்சைப் போட்டார்.

மாவு வெண்ணெய் மாதிரி வந்தது. பதிவுதான் இன்னும் வரவில்லை.