நான் கண்டுபிடித்த இரண்டாம் பதிப்பு

படிக்காத புத்தகத்தைப் படித்துவிட்டதாகச் சொல்லும் பழக்கம் எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் நேர்ந்ததில்லை, 2009இல் என் மச்சானிடம் அப்படிச் சொல்லும் வரை.

மச்சான் என்றால் என் மனைவி கலைச்செல்வியின் அண்ணன் இளங்கோவன். சிதம்பரத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர். எங்களுடையது காதல் கல்யாணம். நான் கடலூர்க் கிறிஸ்தவன், அவர்கள் கீரப்பாளையம் பக்கம் நிலம் உள்ள குடும்பம். மாமியார் மூன்றே மாதத்தில் சமாதானமாகிவிட்டார். மச்சான் மட்டும் இரண்டு வருஷமாக என்னோடு நேரடியாகப் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே தங்கையிடம், "அவரு காபி குடிப்பாரான்னு கேளு" என்பார். அவள் என் பக்கம் திரும்பிக் கேட்பாள். நானும் அவளிடமே, "குடிப்பேன்னு சொல்லு" என்பேன். (ஒரு டம்ளர் காபிக்கு மூணு பேர் வேலை பாத்தோம்.)

அவருக்கு ஒரு பித்து இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கி வந்த ராட்சத ரோபோ விளையாட்டு. அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தை மேசையில் விரித்து, விரல் உயர ரோபோக்களை நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். விதிமுறைப் புத்தகம் மெலிசு. அதோடு வந்த கையேடுதான் தலையணை மாதிரி இருக்கும். ஒவ்வொரு ரோபோவுக்கும் இரண்டு பக்கம். எடை என்ன, கவசம் எவ்வளவு, எந்த ஆயுதம் சுட்டால் எவ்வளவு சூடேறும், யார் செய்தது, எந்தப் போரில் எப்படித் தோற்றது என்று ஜாதகம் முழுக்க எழுதியிருக்கும். மச்சான் அதற்கு பிரவுன் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி வைத்திருந்தார்.

அவரோடு ஆடிக்கொண்டிருந்த சக ஆசிரியர் சேலத்துக்கு மாற்றலாகிப் போனார். ரோபோக்கள் எதிரியில்லாமல் பீரோவில் நின்றன. கலைக்கு யோசனை உதித்தது அப்போதுதான். "நீங்க ஆடுனா அண்ணன் பேசித்தானே ஆவணும்" என்றாள்.

மச்சான் சம்மதித்தார், கலை மூலமாக. கையேட்டையும் கொடுத்தனுப்பினார். பதினைந்து நாளில் படித்துவிட்டு வரவேண்டுமாம். நான் அதைக் கடலூர் வீட்டு டி.வி. மேல் பத்திரமாக வைத்தேன். இரண்டு தடவை எடுத்துப் படம் பார்த்தேன். படத்திலேயே கம்பீரமானது நூறு டன் எடையும் ஆறு பீரங்கியும் உள்ள ஒரு ரோபோ. இது போதும் என்று மூடிவிட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் சாப்பாடு முடிந்ததும் வரைபடம் விரிந்தது. நான் நூறு டன்னை எடுத்தேன். மச்சான் தங்கையைப் பார்த்து, "அதோட பக்கத்தப் படிச்சாரா, கேளு" என்றார். ரெண்டு தடவை படித்தேன் என்று சொல்லச் சொன்னேன்.

என் முறை வந்ததும் ஆறு பீரங்கியையும் ஒரே நேரத்தில் சுட்டேன். ஐந்து குறி தவறியது. மச்சான் ஒரு தாளில் சூட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, என் ரோபோவைத் தலைகுப்புறப் படுக்க வைத்தார். அது தண்ணீரில் நிற்க வேண்டிய ரோபோவாம். தரையில் நின்று இரண்டு பீரங்கிக்கு மேல் சுட்டால் சூடேறி நின்றுவிடுமாம். கையேட்டில் முதல் வரியே அதுதானாம். அவர் ஒரு குண்டு கூடச் சுடவில்லை. மாமியார் பாயசக் கிண்ணத்தோடு வந்து, "அதுக்குள்ள முடிஞ்சிட்டுதா" என்றார்.

அங்கேயே தோற்றுவிட்டு எழுந்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? இது பழைய பதிப்பு, இரண்டாம் பதிப்பில் இதையெல்லாம் திருத்திவிட்டார்கள் என்றேன்.

மச்சான் நிமிர்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டாம் பதிப்பு வந்திருக்கா? எங்க பார்த்தீங்க?"

அவர் ஆறு வருஷமாக அதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கடலூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் என்றேன். திருப்பாதிரிப்புலியூரில் என்றும் சேர்த்துக்கொண்டேன். (பொய்க்கு விலாசம் வேற.) அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் சாவியோடு வந்தார். கலை என்னைப் பார்த்த பார்வையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது தெரிந்தது.

நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது பேச ஆரம்பித்தவர் ஆலப்பாக்கம் வரை நிறுத்தவில்லை. விதிமுறைப் புத்தகத்தில் எப்படிச் சுடுவது என்றுதான் இருக்கும், யாரைச் சுடுகிறோம் என்பது கையேட்டில்தான் இருக்கிறது என்றார். சேலத்துக்குப் போனவரும் அவரும் ஆடாத நாட்களில் சும்மா மாற்றி மாற்றி அதைப் படிப்பார்களாம். அவர் போனபிறகு இதையெல்லாம் பேச ஆளில்லை என்றார். எதிர்க்காற்றில் பாதி வார்த்தைதான் என்னிடம் வந்தது. வழியில் வண்டி பஞ்சராகட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். பஞ்சராகவில்லை.

கடை இருந்தது, திறந்தும் இருந்தது. பிளஸ் டூ நோட்ஸ், கைடு, பழைய வினாத்தாள். மச்சான் தரையில் மண்டியிட்டு ஒவ்வொரு அடுக்காக இறக்கினார். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமாகிவிட்டது. நாலாவது அடுக்கில் எனக்குத் தாங்கவில்லை.

"மச்சான், அப்படி ஒரு புத்தகம் இருக்குதான்னே எனக்குத் தெரியாது. உங்க புத்தகத்தையே நான் படிக்கல. படம்தான் பார்த்தேன்."

அவர் கையிலிருந்த புத்தகத்தின் தூசியைத் தட்டினார். இரண்டு வருஷ மௌனம் இனி இருபது வருஷமாகிவிடும், கலைக்குப் பிறந்த வீடு போச்சு என்று நினைத்தேன். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார்.

"கடையாவது நெசமா இருக்குதே."

கையிலிருந்ததை என்னிடம் நீட்டினார். மண் அள்ளும் இயந்திரம் ஒன்றின் கையேடு. எடை, கை நீளம், எஞ்சின் எவ்வளவு சூடு தாங்கும், எல்லாம் போட்டிருந்தது.

"படிங்க. சத்தமா."

கடைக்காரர் எதிரில், கல்யாணமான, அரசு வேலையில் இருக்கிற நான், எழுத்துக் கூட்டுகிற பையனைப் போல இரண்டு பக்கம் முழுக்க வாசித்தேன். நடுவில் அவர் ரேடியேட்டர் பற்றி ஒரு கேள்வி கேட்டார். சரியாகச் சொன்னேன். கடைக்காரர் கூடத் தலையாட்டினார். மச்சான் அந்தக் கையேட்டை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரமே அந்த மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஆட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

ஸ்கூட்டரைக் கிளப்பும்போது தலையைத் திருப்பாமல் சொன்னார்: "மாப்ள, நல்லாப் புடிச்சிக்குங்க. முன்னாடி ரோடு சரியில்ல."

மாப்ள. நான் கம்பியை விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் யார் எதைக் கூட்டியோ குறைத்தோ சொன்னாலும் அதற்கு "ரெண்டாம் பதிப்பு" என்று பெயர். மூன்று இட்லிதான் சாப்பிட்டேன் என்று நான் சொன்னால், மாமியார் "அது ரெண்டாம் பதிப்புல" என்பார். போன மாதம் என் மகளின் வகுப்பாசிரியை கூப்பிட்டனுப்பினார். சமூக அறிவியல் தேர்வில் ஒரு விடை தப்பாம். புத்தகத்தைக் காட்டிக் கேட்டதற்கு, அது பழைய பதிப்பு மிஸ் என்றாளாம்.

பெற்றோர் யாராவது வரவேண்டும் என்றார்கள். கலை மறுத்துவிட்டாள். அந்தப் பதில் யாருடைய சொத்தோ அவரே போகட்டும் என்றாள்.